பிள்ளைக்கும் பெற்றோருக்கும் சேர்த்தே உதவுவது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

குழந்தைகளையும் பெற்றோரையும் தனித்தனியாகப் பார்க்காமல், குடும்பம் முழுமைக்கும் கைகொடுக்கும் திட்டங்களைப் பற்றி வந்த கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: மழலையர் மையம் நடத்துகிறோம். அங்கே வரும் பிள்ளைகளின் பெற்றோருக்காகத் தொழிற்பயிற்சி வகுப்பு தொடங்கினோம். முதல் வாரம் 30 பேர் வந்தார்கள். மூன்றாம் மாதம் 6 பேர்தான். பெற்றோருக்கு அக்கறை இல்லையா?

பதில்: அக்கறை இல்லாதவர்கள் முதல் வாரமே வந்திருக்க மாட்டார்கள். வந்தவர்களை எது நிறுத்தியது? விட்டுப்போன ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிவையுங்கள். பெரும்பாலும் மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வரும்: வகுப்பு நேரம் வேலை நேரத்தோடு மோதுகிறது; வகுப்பு முடியுமுன் பிள்ளையை அழைத்துப்போக வேண்டியிருக்கிறது; மூத்த பிள்ளைக்குப் பள்ளி விடுமுறை வந்தால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

அமெரிக்காவில் 1989-ல் தொடங்கிய ஈவன் ஸ்டார்ட் என்ற குடும்ப எழுத்தறிவுத் திட்டம் இதற்கு நல்ல பாடம். குழந்தைகளுக்கு முன்பருவக் கல்வி, பெரியவர்களுக்குக் கல்வி, பிள்ளை வளர்ப்புப் பயிற்சி, இருவரும் சேர்ந்து படிக்கும் நேரம் என்று நான்கு பகுதிகள் அதில் இருந்தன. காகிதத்தில் குறை சொல்ல முடியாத வடிவம். ஆனால் தேசிய மதிப்பீடுகளில், அதில் சேர்ந்த குடும்பங்கள் சேராத குடும்பங்களைவிடக் கூடுதலாக முன்னேறவில்லை. அளிக்கப்பட்ட மணி நேரங்களில் சிறு பகுதிக்கே குடும்பங்கள் வந்தன என்பது முக்கியமான காரணம். இரு தலைமுறைக்கும் அரைகுறையாகக் கொடுப்பதைவிட ஒரு தலைமுறைக்கு முழுமையாகக் கொடுப்பது மேல் என்பது எங்கள் உறுதியான கருத்து.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் 2009-ல் தொடங்கிய கரியர் அட்வான்ஸ் என்ற திட்டம் வேறு வழியில் போனது. ஹெட் ஸ்டார்ட் (ஏழைக் குடும்பங்களுக்கான அமெரிக்க அரசின் முன்பருவக் கல்வித் திட்டம்) மழலையர் மையத்துக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோரைக் குழுவாகச் சேர்த்து, மருத்துவத் துறை வேலைகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வழிகாட்டி ஒருவர், குழுவினர் தவறாமல் கூடிப் பேசும் நேரம், வருகைக்கும் மதிப்பெண்ணுக்கும் ஊக்கத்தொகை என்று எல்லாம் ஒன்றாகவே வந்தன. ஓராண்டில், திட்டத்தில் சேராத பெற்றோரைவிட இவர்களில் கூடுதலானோர் சான்றிதழ் பெற்றார்கள். பிள்ளைகள் மையத்துக்கு வருவதும் சீரானது. தாயின் வகுப்பும் பிள்ளையின் வகுப்பும் ஒரே நாள் ஒழுங்கில் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கும்.

நீங்கள் செய்யக்கூடியது: பிள்ளையை விட்ட அரை மணிக்குப் பிறகு பெற்றோர் வகுப்பைத் தொடங்கி, மையம் மூட அரை மணி இருக்கும்போது முடியுங்கள். இரண்டுக்கும் ஒரே விடுமுறை அட்டவணை இருக்கட்டும். மூத்த பிள்ளைகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அதே கட்டடத்தில் ஒரு அறை வேண்டும். ஒரு குழுவுக்கு 15 முதல் 20 பேர் போதும். ஒருவர் இரண்டு வகுப்புக்குத் தொடர்ந்து வரவில்லையென்றால் அன்றைக்கே தொலைபேசியில் பேசுங்கள். மாதக் கடைசியில் வருகைப் பதிவைப் பார்க்கும்போது காலம் கடந்திருக்கும். இன்னொன்று: எந்த வேலைக்கு ஆள் தேவை என்று வேலை தருபவர்களிடம் கேட்ட பிறகே பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். கற்பிக்க ஆள் எளிதாகக் கிடைக்கிறார் என்பதற்காக ஒரு பாடத்தைத் தொடங்கினால், சான்றிதழ் கையில் இருக்கும், வேலை இருக்காது.

கேள்வி: நான் சமூகப் பணியாளர். வரும் குடும்பத்துக்கு மருத்துவமனை, வேலைவாய்ப்பு, வீட்டு உதவி என எல்லா அலுவலகங்களின் விவரங்களையும் எழுதித் தருகிறோம். ஆனாலும் மாற்றம் தெரியவில்லையே?

பதில்: முகவரிப் பட்டியல் உதவி ஆகாது. அமெரிக்காவில் 1990-களில் நடந்த விரிவான குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் ஏழைக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பணியாளரை நியமித்து, ஊரில் ஏற்கெனவே இருக்கும் சேவைகளோடு இணைத்துவிட்டார்கள். 21 இடங்களில், 4,400-க்கும் மேற்பட்ட குடும்பங்களை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்தும், பிள்ளைகளிடமோ பெற்றோரிடமோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இணைப்புக்கு அப்பால் இருந்த சேவை தரமாகவும் போதுமான அளவிலும் இல்லாவிட்டால் இணைத்தும் பயனில்லை.

அதனால் முதலில் பட்டியலைச் சுருக்குங்கள். நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு இடத்திலும் காத்திருப்பு எத்தனை வாரம், இடம் இருக்கிறதா என்று மாதந்தோறும் விசாரியுங்கள். குடும்பத்தை உட்கார வைத்துக்கொண்டே தொலைபேசியில் பேசி நாளும் நேரமும் வாங்கிக் கொடுங்கள். முதல் சந்திப்புக்கு முடிந்தால் கூடவே போங்கள். 14 நாளுக்குள் "போனீர்களா, என்ன சொன்னார்கள்?" என்று கேட்டுக் குறியுங்கள். ஒரு பணியாளரிடம் 25 குடும்பங்களுக்கு மேல் கொடுத்தால் இது நடக்காது, அவர் மறுபடியும் பட்டியலைத்தான் நீட்டுவார்.

கேள்வி: எனக்குச் சம்பள உயர்வு தருகிறார்கள். அதை ஏற்றால் குழந்தைக் காப்பக உதவித்தொகை நின்றுவிடுமாம். மறுத்துவிடலாமா?

பதில்: இது உங்கள் தவறு இல்லை, விதியை வகுத்தவர்களின் தவறு. கணக்கைப் பாருங்கள். மாத வருமானம் 100, உதவி 40, வருமான வரம்பு 110 என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் 115 ஆனதும் உதவி முழுவதும் நிற்கிறது. வீட்டுக்கு வந்தது 140, இனி 115. பழைய நிலைக்குத் திரும்பவே சம்பளம் 140 ஆக வேண்டும்.

மறுக்கும் முன் நான்கு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: வரம்பு மாதக் கணக்கா, ஆண்டுக் கணக்கா? கூடுதல் நேர ஊதியமும் ஒருமுறை ஊக்கத்தொகையும் அதில் சேருமா? வரம்பைத் தாண்டிய பிறகு சலுகைக் காலம் உண்டா? வேலை போனால் உடனே திரும்பச் சேரலாமா, அல்லது காத்திருப்போர் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டுமா? உயர்வுத் தேதியைச் சில வாரங்கள் தள்ளிப்போடுவதே சில சமயம் போதுமானதாக இருக்கும்.

திட்டம் வகுப்பவர்களுக்கும் ஒரு சொல். உதவியை ஒரேயடியாக வெட்டாமல், வரம்புக்கு மேல் வரும் ஒவ்வொரு 10-க்கும் 3 குறைத்தால், இதே தாய்க்கு 115-ம் 38.5-ம் சேர்ந்து 153.5 கிடைக்கும். ஆனால் காப்பகம், வாடகை, உணவு என மூன்று உதவிகளை மூன்று துறைகள் தனித்தனியே இப்படிக் குறைத்தால், 10 கூடுதலாகச் சம்பாதிப்பவரிடம் 9 போய்விடும். மிஞ்சிய ஒன்றை வரியும் பயணச் செலவும் விழுங்கும். ஒவ்வொரு துறையும் தன் விதி நியாயமானது என்றே நினைக்கும். எல்லா விதிகளையும் ஒரே குடும்பத்தின் மேல் வைத்துக் கூட்டிப் பார்ப்பவர் ஒருவராவது இருக்க வேண்டும்.

கேள்வி: வீடுகளுக்குச் சென்று தாய்-சேய் நலம் பார்க்கும் ஊழியர்களுக்குப் பயிற்சி தருகிறேன். ஒரு மணி நேரத்தில் என்ன செய்யச் சொல்லலாம்?

பதில்: ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1986–87-ல் தொடங்கிய ஆய்வே இதற்கு அடிப்படை. வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள், வயது 9 முதல் 24 மாதம். அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்குச் சமூகச் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள் போனார்கள். வீட்டில் கிடைக்கும் பொருள்களில் செய்த விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு விளையாடக் காட்டினார்கள். 20 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகளின் வருமானம், இந்த விளையாட்டு வருகை கிடைக்காத வளர்ச்சி குன்றிய குழந்தைகளைவிட 25 சதவீதம் கூடுதல்.

ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் 10 நிமிடம் தாயின் பேச்சைக் கேட்பது, போன வார விளையாட்டு எப்படிப் போனது என்று விசாரிப்பது. அடுத்த 5 நிமிடம் புது விளையாட்டை ஊழியர் செய்து காட்டுவது. பிறகு அரை மணி தாய் செய்வது. ஊழியர் பார்த்து, சரியாகச் செய்ததைக் குறிப்பிட்டுப் பாராட்டுவது. மீதி நேரம் அந்த வாரத்தில் குளிப்பாட்டும்போது, சமைக்கும்போது எங்கே இதைச் செய்யலாம் என்று பேசி முடிப்பது. சாமானை அங்கேயே விட்டுவிட்டு, அடுத்த வாரம் மாற்றுங்கள். பெரும்பாலான ஊழியர்கள் தவறுவது ஒரே இடத்தில்தான்: தாங்களே குழந்தையோடு நன்றாக விளையாடிவிடுவார்கள், தாய் வேடிக்கை பார்ப்பார். அப்படியானால் அந்தக் குழந்தைக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டுமே கிடைக்கும்.

தாய் முகம் கொடுத்துப் பேசாமல், எதிலும் ஈடுபாடின்றி இருந்தால் விளையாட்டை ஒதுக்கிவையுங்கள். மனச்சோர்வைக் கண்டறிய உதவும் பிஹெச்க்யூ-9 என்ற 9 கேள்விப் படிவம் கடந்த இரண்டு வார மனநிலையைக் கேட்கிறது. மொத்த மதிப்பெண் 10-ஓ அதற்கு மேலோ வந்தால் மருத்துவப் பரிசோதனை தேவை. ஒன்பதாவது கேள்வி, தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு "சில நாள்" என்று பதில் வந்தாலும் அன்றே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். அனுப்ப இடத்தை உறுதி செய்யாமல் இந்தப் படிவத்தைக் கையில் எடுக்கவே கூடாது.

தந்தைக்கும் இதே பயிற்சிதான். அவர் வீட்டில் இருக்கும் நேரத்துக்கு மாதம் ஒரு வருகையையாவது மாற்றிவையுங்கள்.

கேள்வி: சுகாதாரம், கல்வி, தொழிலாளர் நலம் என்று துறைகள் பிரிந்து கிடக்கும்போது அரசு இதை எங்கே தொடங்குவது?

பதில்: எல்லாக் குடும்பங்களும் எப்படியும் வந்து சேரும் ஓர் இடத்தில். சிலி நாடு 2007-ல் தொடங்கி, 2009-ல் சட்டமாக்கிய சிலி கிரேசே கொன்டிகோ திட்டம், கர்ப்பிணி அரசு மருத்துவ அமைப்பில் முதல் பரிசோதனைக்கு வரும்போதே குடும்பத்தைச் சேர்த்துக்கொள்கிறது. தேவை கூடுதலாக உள்ளவர்களை உள்ளூர் அளவில் கல்வி, சமூக நலச் சேவைகளோடு இணைக்கிறது.

தொடக்கத்திலேயே குடும்பத்துக்கு ஒரே பதிவெண் கொடுங்கள். பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலுடன், யார் எதைப் பார்க்கலாம் என்று வரையறுத்து. அதன்பின் குறைந்தது நான்கைச் சேர்த்தே பாருங்கள்: பெற்றோரின் வருமானம், அவர்களின் மனநலம், பிள்ளையின் வருகை, பிள்ளையின் மொழி வளர்ச்சி. வருமானம் ஏறி பிள்ளையின் வருகை சரிந்தால், தாய்க்குக் கிடைத்த வேலையின் நேரம் பிள்ளைக்குப் பொருந்தவில்லை என்று உடனே தெரியும். இரண்டு துறைகளின் தனித்தனி ஆண்டறிக்கைகளில் அது வெற்றியாகவே பதிவாகியிருக்கும்.