டிஸ்க் பிதுங்கியிருக்கும்போது உடற்பயிற்சி செய்யலாமா?

எல்4-எல்5 டிஸ்க் (இடுப்பு முதுகெலும்பில் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பது) பிதுங்கி வலி காலுக்கு இறங்குகிறது, படுத்தே கிடப்பதா, பயிற்சி செய்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதற்குக் கீழே அடுத்த டிஸ்க், எல்5-எஸ்1.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் குலை ஏற்றுகிற வேலை எனக்கு. குலை ஒன்று இருபது கிலோ இருக்கும். ஒரு நாள் குனிந்த வாக்கிலேயே இடுப்பைத் திருப்பி லாரிக்குள் வீசினேன். அன்று ராத்திரி தும்மினால்கூட பிட்டத்திலிருந்து கால் சுண்டுவிரல் வரை கரண்ட் அடித்தது.

இரண்டு வாரம் பாயிலேயே கிடந்தேன், அது முதல் தப்பு. அப்புறம் டவுனில் ஒரு ஜிம்முக்குப் போய், சொல்லிக்கொடுத்தவர் பேச்சைக் கேட்டு சிட்-அப் போட்டேன். மறுநாள் சிலிப்பர் மாட்டக் குனிய முடியவில்லை.

கடைசியில் ஃபிசியோ (இயன்முறை வைத்தியர்) அக்காதான் வழிக்குக் கொண்டுவந்தார். "வலி எவ்வளவுன்னு பார்க்காதீங்க, எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க" என்றார். கெண்டைக்காலில் இருந்த வலி தொடைக்கு, தொடையிலிருந்து இடுப்புக்கு ஏறினால் நல்லது, இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. பாதத்தை நோக்கி இறங்கினால் அந்தப் பயிற்சியை அங்கேயே விட்டுவிட வேண்டும். 1956-இல் நியூசிலாந்தில் ராபின் மெக்கென்சி என்ற ஃபிசியோவின் நோயாளி, தலைப்பக்கம் உயர்த்திவைத்த கட்டிலில் தெரியாமல் குப்புறப் படுத்துவிட, கால்வலி போய்விட்டதாம். அங்கே ஆரம்பித்த வைத்தியமாம் இது. எல்லாருக்கும் ஒத்துவராது. எனக்கு ஒத்துவந்தது: குப்புறப் படுத்து முழங்கையில் ஊன்றி இரண்டு நிமிடம். பிறகு நாலு காலில் நின்று, எதிரெதிர் கையும் காலும் நீட்டுவது. தோட்டத்து ரோட்டில் பத்துப் பத்து நிமிட நடை.

எழுந்த முதல் ஒரு மணி நேரம் மட்டும் குனிகிற எதுவும் வேண்டாம். ராத்திரியில் டிஸ்க் நீர் உறிஞ்சி உப்பியிருக்கும், அப்போது குனிந்தால் அழுத்தம் கூடும். விடியற்காலை பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்புக்கு) ஓடுகிற எங்களுக்கு இதுதான் பெரிய சோதனை.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சிறுநீர் அடைத்தாலோ அடக்க முடியாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, பாதம் தொங்கி சிலிப்பர் தானாகக் கழன்றாலோ நேரே ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்கள்.

சரி, நடந்தால் உங்களுக்கு வலி முட்டிக்கு மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா? இரண்டு நாள் கவனித்து ஃபிசியோவிடம் அதைச் சொல்லுங்கள்.