வாலடியில் அரிசிபோல் நெளிவது என்ன?

கேள்வி: பெரம்பூரில் இரண்டு வயது நாட்டு நாயும் ஒரு பூனையும் வளர்க்கிறோம். நாயின் வாலடியில் அரிசிபோல் ஏதோ ஒட்டிக்கொண்டு நெளிகிறது. கால்நடை மருந்துக்கடையில் பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுத்ததும் நின்றது. ஒரு மாதத்தில் மறுபடியும் வந்துவிட்டது. ஐந்து வயது மகள் எப்போதும் நாயோடுதான் இருக்கிறாள். மாமியார் பூண்டு கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: பூண்டு ரசத்துக்கு இருக்கட்டும் அம்மா. நாய், பூனை இரண்டுக்குமே வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பூனைக்கு இன்னும் மோசம்.

நீங்கள் பார்த்தது நாடாப்புழுவின் உடலிலிருந்து கழன்ற துண்டு. காய்ந்துவிட்டால் எள்போல் சுருங்கி, நாய் படுக்கும் சாக்கில் கிடக்கும். மாத்திரை வேலை செய்திருக்கிறது. ஆனால் இந்தப் புழுவைக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி. உடம்பு அரிக்கும்போது நாய் பல்லால் கடித்துச் சொறிகிறது, பூச்சியை விழுங்குகிறது, மூன்று வாரத்தில் புதுப் புழு தயார். பூனைக்கு நீங்கள் எதுவும் கொடுத்ததாகத் தெரியவில்லை. அங்கேதான் எனக்குச் சந்தேகம்.

பூனையின் இடுப்புப் பக்கம் நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாரி, உதிரும் கறுப்புத் துகள்களை ஈரமான வெள்ளைப் பஞ்சில் வையுங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது அழுக்கில்லை, தெள்ளுப்பூச்சி குடித்துக் கழித்த ரத்தம். பூச்சி உடம்பில் தெரிவது கொஞ்சம்தான். அதன் முட்டையும் இளம்புழுவும் கூட்டுப்புழுவும் சோபா இடுக்கிலும் பாயடியிலும் இருக்கும். எனவே நாய், பூனை இரண்டுக்கும் ஒரே நாளில் நாடாப்புழு மருந்து. தெள்ளுப்பூச்சி மருந்தை மூன்று மாதமாவது தொடர வேண்டும். விரிப்புகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். நாய்க்கு வாங்கும் சொட்டு மருந்தைப் பூனைக்கு வைத்துவிடாதீர்கள். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்ததாக இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும், உயிரும் போகலாம்.

மகளைப் பற்றி: நாயைத் தொடுவதால் இந்த நாடாப்புழு வராது. தெள்ளுப்பூச்சியையே விழுங்கினால்தான் வரும், அது அபூர்வம். என் கவலை வாலடியில் தெரியாத புழுக்களைப் பற்றியது. கொக்கிப்புழு நாயின் குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஈறு வெளுத்து, மலம் கறுப்பாகப் போகும். அதன் குஞ்சுப்புழு ஈர மணலில் காத்திருந்து, வெறுங்காலில் தோலைத் துளைத்து நுழைந்துவிடும்; வளைந்து வளைந்து போகும் சிவந்த கோடும் தாங்கமுடியாத அரிப்பும் அதன் அடையாளம். கட்டட வேலைக்காகத் தெருவில் கொட்டிய மணல்மேடு பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல், தெரு நாய்க்கும் பூனைக்கும் கழிப்பறை. மகளைச் செருப்பில்லாமல் அதில் விடாதீர்கள். உருளைப்புழு முட்டை வாய்க்குள் போனால் பிள்ளைகளின் கண்ணைக்கூடப் பாதிக்கலாம். ஆனால் மலத்தோடு விழுந்த முட்டை தொற்றும் நிலைக்கு வர இரண்டு வாரமாவது ஆகும். அன்றன்றே அள்ளிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது.

பொதுவாக வளர்ந்த நாய், பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து போதும். குட்டிகளுக்கு இரண்டு, மூன்று வார வயதிலேயே தொடங்க வேண்டும். தாய்ப்பாலிலேயே புழு வந்துவிடுகிறது.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். இரண்டையும் எடை பார்த்துத்தான் மருந்தின் அளவு சொல்வார்கள். போகும்போது அன்று காலை எடுத்த மலத்தைத் தனித்தனி டப்பாவில் கொண்டுபோங்கள். நாடாப்புழு மலப் பரிசோதனையில் பலமுறை சிக்காது. அந்த அரிசித் துண்டையும் கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டுங்கள்.