நெய் சாப்பிட்டால் நரம்பின் உறை வளருமா?

கேள்வி: அக்காவுக்கு வயது 34. திடீரென்று ஒரு கண் மங்கியது, ஸ்கேன் எடுத்துவிட்டு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். உடலின் எதிர்ப்பு சக்தியே நரம்பின் மேலுறையான மயலினைத் தாக்கிக் கெடுத்துவிட்டதாம். ஆறு வாரத்தில் பார்வை ஓரளவு திரும்பிவிட்டது. மூளையில் போனது போனதுதான் என்பார்களே, அப்புறம் இது எப்படி? மயலின் கொழுப்புதானே என்று அம்மா தினமும் நெய் ஊற்றுகிறார், பலன் உண்டா?

பதில்: போனது போனதுதான் என்பது நரம்பு செல்லுக்குப் பெரும்பாலும் சரி, மயலினுக்குச் சரியில்லை. பார்வை இவ்வளவு சீக்கிரம் திரும்பியதற்கு நரம்பின் வீக்கம் வற்றியதுதான் பெரிய காரணம். உறை மறுபடி வளர்வது மெதுவாக, மாதக்கணக்கில் நடக்கும்.

அதைச் செய்வது நரம்பு செல்களுக்குத் துணையாக இருக்கும் கிளியா செல்கள். ஒலிகோடென்ட்ரோசைட் என்ற செல் தன் கைகளை நீட்டி, பல நரம்பிழைகளை ஒரே சமயத்தில் சுற்றி உறை போடுகிறது. அது அழிந்தாலும் அதன் இளம் செல்கள் பெரியவர்கள் மூளையிலும் ஏராளமாக இருக்கின்றன. சேதம் நடந்த இடத்துக்கு வந்து பெருகி, முதிர்ந்து, புது உறை சுற்றும். பழையதைவிடக் கொஞ்சம் மெல்லியதுதான், ஆனாலும் சிக்னல் ஓடும். ஆனால் அதற்கு முன்னால் சிதைந்த மயலின் குப்பையை மைக்ரோகிளியா என்ற துப்புரவு செல்கள் தின்று அகற்றியாக வேண்டும், குப்பை கிடந்தால் இளம் செல் முதிராமல் அப்படியே நின்றுவிடும். வயதானால் இந்தத் துப்புரவு மந்தமாகிறது. 2012-ல் வந்த ஓர் ஆய்வில் கிழட்டு எலியின் ரத்த ஓட்டத்தை இள எலியோடு இணைத்தார்கள். இளசிடமிருந்து வந்த செல்கள் குப்பையை வாரியதும் கிழட்டு எலியிலும் உறை நன்றாக வளர்ந்தது. எனக்கு இது பெரிய நம்பிக்கை தருகிற விஷயம். அக்காவுக்கு 34 தானே, வயது அவர் பக்கம் இருக்கிறது.

சரி, நெய். உறையின் உலர் எடையில் 70 சதவீதத்துக்கு மேல் கொழுப்புதான், அம்மா நினைத்தது அதுவரை சரி. ஆனால் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரால் மூளைக்குள் போக முடியாது, ஆஸ்ட்ரோசைட், ஒலிகோடென்ட்ரோசைட் போன்ற கிளியா செல்கள் அங்கேயே தயாரித்துக்கொள்கின்றன. ருசிக்கு ஒரு ஸ்பூன் போதும்.

டாக்டர் தரும் மருந்து உறையை வளர்க்காது, அடுத்த தாக்குதலைத் தடுக்கும், அதனால்தான் அதை விடவே கூடாது. உறை வளர்க்கும் மருந்தையும் தேடுகிறார்கள்: சான் பிரான்சிஸ்கோவில் கிளெமாஸ்டீன் என்ற பழைய அலர்ஜி மாத்திரையை 50 பேரிடம் சோதித்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள், கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் சிக்னலின் தாமதம் சிறிதளவு குறைந்தது. அவ்வளவுதான், நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

வெயிலில் அலைந்தால் அந்தக் கண் கொஞ்ச நேரம் மங்கலாம், உடல் குளிர்ந்ததும் தெளிந்துவிடும். ஒரு நாள் முழுக்க நீடித்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.