வீரர் உடுத்தியதா, கடையில் தொங்கியதா? ஹாக்கி ஜெர்சி கேள்வி பதில்

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகான என்ஹெச்எல்லின் ஐஸ் ஹாக்கி ஆட்டங்களில் வீரர்கள் போட்டு விளையாடிய ஜெர்சிகளைச் சேர்ப்பவன் நான். அதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

கேள்வி: அண்ணா, ஒரு ஜெர்சி கைக்கு வந்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

உள்ளே வெளியே திருப்பிவிடுவேன். முதுகுப்பக்கம், கீழ் விளிம்புக்கு அருகே ஒரு பட்டை தைத்திருக்கும். பெயர் ஃபைட் ஸ்ட்ராப். அதை இடுப்புக் கால்சட்டையோடு மாட்ட வேண்டும். சண்டையில் எதிராளி ஜெர்சியைத் தலைக்கு மேல் இழுத்து முகத்தை மூடிவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. பஃபலோ அணியின் ராப் ரே இதற்கு நேர்மாறு. சண்டை வந்தால் சட்டையைக் கழற்றிவிடுவார், பிடித்து நிறுத்த எதிராளிக்கு ஒன்றும் சிக்காது! அப்புறம், பட்டை மாட்டாமல் சண்டையில் ஜெர்சி கழன்றால் ஆட்டத்தை விட்டே வெளியேற வேண்டும் என்று விதி வந்தது. இன்றும் அதை ராப் ரே விதி என்றே சொல்கிறார்கள்.

பட்டை இருந்தால் மட்டும் போதாது, கடையில் விற்கும் உயர்ரக ஜெர்சியிலும் அது உண்டு. அது உழைத்திருக்கிறதா என்று பாருங்கள். வெல்க்ரோவில் நூல்பிசிறு சேர்ந்திருக்கும், தையல் கொஞ்சம் இழுபட்டிருக்கும். வெளிப்பக்கம் கந்தல், பட்டை மட்டும் புத்தம்புதிது என்றால் எனக்கு அங்கேயே ஆசை போய்விடும். கைகளின் உட்புறத்தையும் தடவிப் பாருங்கள். முழங்கைக் காப்பின் வெல்க்ரோ உரசி துணி உருண்டை உருண்டையாகத் திரண்டிருக்கும். போலி செய்கிறவர்கள் பெரும்பாலும் இவ்வளவு தூரம் போவதில்லை.

கேள்வி: தேய்மானத்தையே போலியாக உண்டாக்கினால்?

உண்டாக்குகிறார்கள். உப்புத்தாளால் தேய்ப்பார்கள், பக் எனப்படும், ஆட்டத்தில் அடிக்கும் கறுப்பு ரப்பர் வட்டை எடுத்துத் துணியில் உரசிக் கறுப்பாக்குவார்கள். ஆனால் வீரர் வேகமாகப் போய் ஆடுகளத்தைச் சுற்றியுள்ள தடுப்புப் பலகையில் உரசும்போது பாலியஸ்டர் இழை சூட்டில் உருகிவிடும். தொட்டால் கெட்டியாக, லேசாகப் பளபளக்கும். உப்புத்தாள் பட்ட இடமோ பஞ்சு போல் பிசிறிடும். இன்னொன்று, நிஜமான அடி ஒழுங்காக விழாது. ஒரு முழங்கை நைந்திருக்கும், மற்றது அப்படியே இருக்கும். இரண்டு பக்கமும் அளந்து வைத்த மாதிரி கிழிந்திருந்தால் யாரோ மேஜையில் போட்டுச் செய்த வேலை.

கேள்வி: எந்தக் காலத்து ஜெர்சி என்று கண்டுபிடிக்க எளிய வழி?

கழுத்தில் இருக்கும் என்ஹெச்எல் கேடயச் சின்னம் 2005 வரை ஆரஞ்சும் கறுப்பும், அதன்பின் வெள்ளி நிறம். ஜெர்சி தயாரிக்கும் நிறுவனத்தையும் பாருங்கள்: ரீபாக்கின் எட்ஜ் வகை 2007-இல் வந்தது, அடிடாஸ் 2017-இல், ஃபனாடிக்ஸ் 2024-இல். லீகின் 75-ஆம் ஆண்டான 1991-92 சீசனில் எல்லா அணிகளும் அதற்கான பேட்ச் போட்டன. அடிடாஸ் காலத்தில் கடை ஜெர்சி இந்தோனேசியாவில் தைத்தது, வீரர்களுடையது கனடாவில் தைத்தது. ஆனால் கனடாவில் தைத்த, பெயரும் எண்ணும் இல்லாத வெற்று ஜெர்சிகளும் சந்தைக்கு வந்தன, லேபிளை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: சான்றிதழ் இருக்கிறதே சார், அது போதாதா?

கொடுத்தது யார் என்பதைப் பொறுத்தது. அணி நேரடியாகத் தந்த கடிதம் மதிப்புள்ளது. வீரர்கள் அணிந்த ஜெர்சிகளை விற்கும் மெய்கிரே நிறுவனம் உள்ளே வரிசை எண்ணோடு ஒரு சிறு லேபிள் தைத்துத் தருகிறது, அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். விற்பவரே அச்சடித்துக் கொடுத்த தாள் வெறும் தாள்தான்.

நானும் ஏமாந்திருக்கிறேன். 2003-04 சீசனில் சொந்த அரங்கில் அணிந்தது என்று அழகான கடிதத்தோடு ஒரு வெள்ளை ஜெர்சி வாங்கினேன். சொந்த ஊரில் அடர்நிறம், வெளியூரில் வெள்ளை என்று லீக் மாற்றியதே அந்த சீசனில்தான். கடிதம் எழுதியவருக்கு அது தெரியவில்லை. வாங்கிய நாளன்று எனக்கும் உறைக்கவில்லை.

கேள்வி: போட்டோ மேட்ச் என்கிறார்களே, அது என்ன?

ஆட்டத்தில் எடுத்த படத்தில் இருப்பது இதே ஜெர்சிதான் என்று நிரூபிப்பது. அதே அணி, அதே எண், அதே மாடல் என்றால் அது வெறும் பொருத்தம்தான். இந்த ஒன்றுக்கே உரிய அடையாளம் வேண்டும். எண்ணின் ஓரம் வலைத்துணியின் எந்தத் துளையை வெட்டுகிறது, பெயர்ப்பட்டையில் ஒரு எழுத்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது, ஜெர்சியின் வண்ணக் கோடுகள் தையலில் எங்கே ஏறி இறங்குகின்றன, இதையெல்லாம் ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். கையால் தைப்பதால் ஒரே வீரரின் இரண்டு ஜெர்சிகள்கூட அச்சு அசலாக இருக்காது. கிழிசலைத் தைத்த நூல் அந்தப் படத்திலேயே தெரிந்தால் அதிர்ஷ்டம். துணியில் பட்ட அடியின் தழும்பு விஷயத்தில் தேதியைக் கவனியுங்கள்: மார்ச் படத்தில் இருக்கும் தழும்பு ஜெர்சியில் இல்லையென்றால் அது வேறு ஜெர்சி. நவம்பர் படத்தில் இல்லாத தழும்பு இப்போது இருப்பதில் தவறில்லை, பிறகு பட்டிருக்கலாம்.

கேள்வி: என்னிடம் உள்ள 80களின் ஜெர்சியில் பெயர்ப்பட்டையைச் சுற்றி வெற்று ஊசித்துளைகள். போலியா?

அவசரப்படாதீர்கள், நல்ல அறிகுறியாகவும் இருக்கலாம். அன்று அணிகள் பழைய ஜெர்சியைக் கீழ்நிலை அணிக்கு அனுப்பும், அங்கே பெயரைப் பிரித்து வேறு பெயர் தைப்பார்கள். பிற்பாடு யாரோ பழைய பெயரை மீண்டும் தைத்திருந்தால், விற்கும்போது அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

கேள்வி: புதிதாகத் தொடங்க எதை வாங்கலாம்?

நட்சத்திரங்களை விடுங்கள். 1972-இல் சோவியத் அணியுடனான தொடரின் கடைசி ஆட்டத்தில், மாஸ்கோவில், 34 விநாடி மிச்சம் இருக்கும்போது கனடாவுக்கு வெற்றி கோல் அடித்த பால் ஹெண்டர்சனின் ஜெர்சி 2010-இல் பன்னிரண்டு லட்சம் டாலருக்கு மேல் போனது. அணியின் கடைசி வரிசையான நான்காம் வரிசையில் ஆடும் முரட்டு வீரர்களுடையது சில நூறு டாலருக்குக் கிடைக்கும், தழும்புகளும் அதில்தான் அதிகம். என் அலமாரியில் எனக்குப் பிடித்ததே அப்படி ஒன்றுதான், பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது.

கேள்வி: வாங்கியதைத் துவைக்கலாமா? வீட்டில் வாடை என்கிறார்கள்.

வேண்டாம். பக்கின் கறுப்பும் ஹாக்கி மட்டையில் சுற்றும் டேப்பின் கறையும்தான் நாளை உங்களுக்குச் சாட்சி. காற்றோட்டமான நிழலில் இரண்டு நாள் தொங்கவிடுங்கள், வாடை குறையும். கம்பி ஹேங்கர் மட்டும் வேண்டாம், தோளில் முட்டு விழுந்துவிடும்.