புதுக் காசின் மேனி: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஞாயிறு காலை நாணயம் சேகரிப்போர் கூடியபோது எழுந்த கேள்விகளும் நான் சொன்ன விடைகளும்.

படிவம் 4 மாணவர்: ஐயா, வங்கியில் வாங்கிய 20 சென் பொட்டலத்தை நான்தான் பிரித்தேன். உள்ளே இருந்த காசுகளில் கீறல்கள் உள்ளன. இவை புதுக் காசுகள்தானா?

புதுக் காசுகள்தான், தம்பி. புழங்கித் தேய்வது வேறு. பிறக்கும்போதே அடிபடுவது வேறு. ஷா ஆலாமில் உள்ள, நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் நாணயச் சாலையானாலும் வேறு எந்நாட்டுச் சாலையானாலும், அச்சிலிருந்து விழும் காசு முன்பே விழுந்து கிடக்கும் காசுகளின் மேல்தான் மோதுகிறது. பிறகு எண்ணும் இயந்திரத்திலும் மூட்டையிலும் உரசிக்கொண்டே நம் ஊர் வரைக்கும் வருகிறது. அந்தத் தழும்புகளால் காசின் தரம் குறையுமே தவிர, அது புழங்கிய காசாகிவிடாது. விளக்கின் கீழ் காசைப் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல ஒளிக்கீற்றுகள் சுழலும். அச்சு அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடியதால் உண்டான நுண்ணிய வரிகளே அந்த ஒளியைத் தருகின்றன. புழங்கிய காசில், 20 சென்னில் பொறித்திருக்கும் மல்லிகைப் பூவின் மேடான இதழ்களில்தான் அந்த ஒளி முதலில் அணையும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: 65, 67 என்று எண் போட்டு விற்கிறார்களே, அது என்ன கணக்கு?

அமெரிக்காவின் பழைய ஒரு சென்ட் காசுகளுக்காக வில்லியம் ஷெல்டன் 1949இல் வகுத்த அளவுகோல் அது. மொத்தம் 70, புழங்காத காசுக்கு 60 முதல் 70 வரை. பேரளவில் அச்சாகும் இன்றைய 20 சென்னுக்கு அந்த எண்ணை நம்பிப் பெரும் பணம் கொடுப்பதை நான் ஏற்பதில்லை.

ஓய்வுபெற்ற தண்டல் ஒருவரின் மனைவி: என் மாமியார் வைத்திருந்த சதுர வடிவ ஒரு சென்ட் காசு கறுத்துவிட்டது. குத்துவிளக்கைப் போலப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டாம், அம்மா. சிறுவனாக இருந்தபோது என் பாட்டியின் சுருக்குப்பையில் கிடைத்த 1939ஆம் ஆண்டுச் சதுரக் காசைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தவன் நான். தோலுரித்ததைப் போன்ற வெளிறிய சிவப்பில் அது பளபளத்தது. சில மாதங்களில் திட்டுத் திட்டாகக் கறுத்தது. புளியின் அமிலம் கறுப்பை மட்டும் கரைப்பதில்லை, அதன் அடியில் இருக்கும் மேனியையும் தின்கிறது. சாம்பலோ நுண்கீறல்களை இழுக்கிறது. அச்சு தந்த மேற்பரப்பு ஒரு முறைதான் கிடைக்கும், எந்தப் பொற்கொல்லராலும் அதைத் திருப்பித் தர இயலாது. உங்கள் மாமியாரின் காசு சீராகக் கறுத்திருந்தால், அந்தக் கறுப்பே அதை யாரும் தேய்த்துத் துலக்கவில்லை என்பதற்கு அடையாளம், அப்படியே வைத்திருங்கள்.

மளிகைக் கடைக்காரர்: புரூஃப் காசு என்பது இன்னும் உயர்ந்த தரமா?

தரமன்று, செய்முறை. மெருகேற்றிய அச்சால், மெருகேற்றிய வில்லையின் (இன்னும் அச்சிடாத உலோகத் தட்டின்) மேல் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடிப்பது. விரல் பட்டால் அதுவும் கெட்டுவிடும்.

பால்மரத் தோட்டத்தில் பணிபுரியும் இளைஞர்: நம் ஊர் ஈரத்தில் காசுகளை எப்படிப் பாதுகாப்பது?

ரப்பர் வளையம் போட்டுக் கட்டாதீர்கள். அதில் உள்ள கந்தகம் வெள்ளிக் காசைக் கறுக்கச் செய்யும். மலிவான பிவிசி உறையும் கூடாது, நாளடைவில் பச்சைப் பிசின் கசியும். அந்தப் பிசின் படிந்துவிட்டால் தேய்க்காமல் சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து எடுக்கலாம். மற்றக் காசுகளை மைலார் என்னும் நெகிழி உறையிலிட்டு, மூடிய டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையுடன் வையுங்கள். ரெபானா மேளம் பொறித்த பழைய 1 சென்னைத் தனியாக வைப்பது நல்லது. அதன் செம்புநிறப் பூச்சுக்கு அடியில் இருப்பது எஃகு, பூச்சில் ஒரு கீறல் விழுந்தாலும் அங்கிருந்து துரு பரவும். எந்தக் காசையும் எடுக்கும்போது கைகழுவித் துடைத்து, மெத்தென்ற துணிக்கு மேலாக விளிம்பில் மட்டும் பிடியுங்கள். கைதவறினால் துணியில் விழட்டும், சிமெண்டுத் தரையில் வேண்டாம்.