திருகு பதிந்த எலும்பும் ஆன்டிபாடிச் சாயமும்

கேள்வி: டைட்டானியம் திருகு பதிந்த ஆட்டு எலும்பை ஆன்டிபாடிச் சாயமிட்டு (குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியால் அதை அடையாளம் காட்டி) நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மெழுகில் பதித்துச் சீவும் வழக்கமான பாரஃபின் முறை போதுமா?
- ஆய்வு மாணவி, உதகமண்டலம்

பதில்: திருகு உள்ளே இருக்கும்வரை போதாது. சீவல் எடுக்கும் மைக்ரோட்டோம் கருவியின் கத்தி உலோகத்தில் மோதினால் கத்தி முனை மழுங்குவதோடு, நீங்கள் பார்க்க விரும்பும், எலும்பும் உலோகமும் ஒட்டிய பரப்பே கிழிந்துபோகும். கடினப் பிசினில் பதித்து, வைர ரம்பத்தால் அறுத்து, தேய்த்து மெலிதாக்கும் முறையை ஆய்வாளர்கள் டோனத்தும் ப்ரொய்னரும் 1982-இல் வெளியிட்டனர். வடிவத்தைக் காண அது சிறந்தது. ஆன்டிபாடிக்கோ இரண்டு தடைகள் உண்டு. பிசின் இறுகும்போது எழும் வெப்பம், ஆன்டிபாடி பற்றும் இலக்கான ஆன்டிஜென்னைச் சிதைக்கும். இறுகிய பிசின் ஆன்டிபாடியை உள்ளே விடாது. ஆகவே உறைநிலைக்குக் கீழே இறுகுவதும், பின்னர் கரைப்பானால் நீக்கக்கூடியதுமான மெத்தாக்ரிலேட் பிசின் வகையே ஏற்றது. (உதகையின் மார்கழிக் குளிரை நம்ப வேண்டாம், ஃப்ரீசர் தேவை.)

ஒட்டுப்பரப்பு அவசியமில்லையெனில், ஃபார்மலினில் பதப்படுத்திய எலும்பை, கால்சியத்தை மெல்ல நீக்கும் ஈடிடிஏ கரைசலில் வாரக்கணக்கில் ஊறவைத்து, மென்மையானபின் திருகை மெல்லச் சுழற்றி எடுத்து, பாரஃபினுக்கே செல்வதைத்தான் நான் பரிந்துரைப்பேன். அவசரத்துக்கு வலிய அமிலம் வேண்டாம். ஆன்டிஜென் மீட்புக்கு (ஃபார்மலினால் மறைந்த ஆன்டிஜென்னைச் சூடாக்கி மீண்டும் வெளிப்படுத்துவதற்கு) 95 டிகிரி கேட்கும் செய்முறை உங்கள் ஊரில் திறந்த பாத்திரத்தில் பலிக்காது. அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதியில் எலும்புச் சீவல் கண்ணாடியை விட்டுக் கழன்றுவிடுவதும் உண்டு என்பதால், சிட்ரேட் கரைசலில் 60 டிகிரியில் இரவு முழுவதும் வைத்துப் பாருங்கள்.