புது வின்ரார் போட 3,000 ரூபா கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: அண்ணா, திருகோணமலை என்சி றோட்டில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா எல்லாம் எடுப்போம். கோப்புகளைச் சுருக்கிக் கட்டுகிற மென்பொருள் என்று கொம்பியூட்டரில் இருப்பது வின்ரார் 5.61. வைரஸ் பார்க்கக் கொண்டுபோன கடையில், "இது பழசு, 7 வந்திட்டுது, படமெல்லாம் பாதியாகச் சுருங்கும், லைசென்ஸோடு போட்டுத் தாறம், 3,000 ரூபா" என்கிறார்கள். 7இல் அப்படி என்ன புதுசு? கொடுக்கலாமா?

பதில்: தம்பி, முதலில் காசுக் கதையை முடிப்போம். வின்ராரின் அசல் லைசென்ஸ் ஒரு கணினிக்கு ஏறக்குறைய 29 டொலர். இன்றைய டொலர் விலையில் அது எட்டாயிரம் ரூபாவைத் தாண்டும். அதை 3,000க்கு ஒரு கடைக்காரர் தருகிறார் என்றால் ஒன்று அவர் உங்களுக்குத் தர்மம் செய்கிறார், இல்லாவிட்டால் நெட்டில் எங்கேயோ கிடந்த ஒரு திருட்டுக் கீயைப் போட்டுவிடப் போகிறார். எது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லைசென்ஸ் வாங்காமலும் 40 நாள் பாவித்துப் பார்க்கலாம். அதற்குப் பிறகும் நின்றுவிடாது, திறக்கும் போதெல்லாம் "வாங்குங்கள்" என்று ஒரு பெட்டி வந்து கெஞ்சும், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் தொழில் செய்கிறவர், நியாயப்படி வாங்கத்தான் வேண்டும். வாங்க மனமில்லை என்றால் இதே வேலை செய்கிற செவன்-ஜிப் இருக்கிறது, அது கடைக்கும் கந்தோருக்கும் இலவசம்.

அடுத்தது அந்தப் "பாதியாகச் சுருங்கும்" கதை. ஜேபெக் படம் கமராவிலிருந்து வரும்போதே சுருக்கித்தான் வருகிறது. அதை ரார், ஜிப் என்ற கட்டு வடிவங்களில் போட்டு இன்னும் சுருக்கப் பார்ப்பது மூன்றாம் பாலும் எடுத்து முடிந்த தேங்காய்ப்பூவைத் திரும்பப் பிழிகிற வேலை. நம்பாவிட்டால் ஒரு கலியாண ஃபோல்டரை இன்றைக்கே சுருக்கி, முன்னுக்கும் பின்னுக்கும் அளவைப் பாருங்கள். ஒன்றிரண்டு வீதம் குறைந்தால் அதிர்ஷ்டம். 5.61இலும் அப்படித்தான், 7இலும் அப்படித்தான். படங்களை ஒரே கட்டாகக் கட்டி அனுப்பத்தான் ரார் வேண்டுமென்றால், சுருக்கும் முறையை "ஸ்டோர்" என்று வையுங்கள். சுருக்காமல் கட்டிவிடும், அரை மணித்தியால வேலை சில நிமிடத்தில் முடியும்.

சரி, 7இல் உண்மையில் என்ன புதுசு? 2024 பெப்ரவரியில் வந்த 7.00இல் பெரிய விஷயம் "டிக்‌ஷனரி" 64 ஜீபி வரை போகலாம் என்பது. டிக்‌ஷனரி என்றால் சுருக்கும்போது மென்பொருள் ஞாபகம் வைத்திருக்கும் பகுதி. இதற்கு முன் பார்த்த அதே தரவு திரும்ப வந்தால் முழுவதையும் எழுதாமல் "பின்னுக்கு இன்ன இடத்தில் இருக்கிறதே, அதுதான்" என்று குறித்துவிட்டுப் போகும். ஞாபகம் பெரிதென்றால் கன தூரம் பின்னுக்குப் பார்க்கலாம். ஒரே ஃபோல்டரின் பத்து காப்புப் பிரதிகளை ஒன்றாகக் கட்டுகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம். உங்கள் படங்களில் ஒரு மாப்பிள்ளையே திரும்பத் திரும்ப வந்தாலும் கணினிக்கு ஒவ்வொரு படமும் வேறுதான், ஆகவே உங்களுக்குப் பிரயோசனமில்லை. இன்னொன்று, 4 ஜீபிக்கு மேல் டிக்‌ஷனரி வைத்துக் கட்டினால் அதைத் திறக்கிறவரிடமும் 7 இருக்க வேண்டும், அவருடைய மெஷினில் அந்தளவு ரேமும் இருக்க வேண்டும். அல்பம் அடிக்கிற இடத்தில் 4 ஜீபி ரேமோடு ஒரு பழைய பெட்டி இருந்தால் அன்றைக்கு முழுவதும் ஃபோனில் பேச்சு வாங்குவீர்கள். பழைய ரார்4 வடிவத்தில் புதிதாகக் கட்டுகிற வசதியையும் 7இல் எடுத்துவிட்டார்கள், பழையதைத் திறக்க மட்டும் முடியும். மற்றபடி 65,535 எழுத்து நீளத்துக்குப் பாதைப் பெயர் வைக்கலாமாம். யாருக்கு வேண்டும்? 2025இல் வந்த 7.10இல் கறுப்புப் பின்னணித் திரையும் இருக்கிறது, இரவில் வேலை செய்கிறவர்களின் கண்ணுக்கு நல்லது.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் காசு கொடுத்து ஏற வேண்டிய ஒன்றும் இதில் இல்லை. ஆனாலும் நீங்கள் இன்றைக்கே ஏற வேண்டும்! கடைக்காரர் சொல்லாமல் விட்ட காரணம் இதுதான்: உங்கள் 5.61இல் மூன்று பெரிய பாதுகாப்பு ஓட்டைகள் இருக்கின்றன. முதலாவது, ஏஸ் என்ற பழைய வடிவத்தைத் திறக்கும் பகுதியில் 19 வருடமாகக் கிடந்து 2019இல் வெளியே தெரிந்தது. 5.70இல் அந்தப் பகுதியையே தூக்கி எறிந்தார்கள். இரண்டாவது 2023இல், ஜிப்புக்குள் இருக்கும் படத்தையோ பீடிஎஃப்பையோ தட்டினால் பின்னால் வேறொரு ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) ஓடும். 6.23இல் அதை அடைத்தார்கள். மூன்றாவது 2025 ஜூலையில் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. வேலைக்கு விண்ணப்பம், சீவி என்று மின்னஞ்சலில் ஒரு ரார் வரும். நீங்கள் அதை டெஸ்க்டொப்பில்தான் விரிக்கிறீர்கள், ஆனால் உள்ளுக்குள் ஒளித்த ஒரு கோப்பு விண்டோஸின் "ஸ்டார்ட்-அப்" ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துவிடும். அடுத்த தடவை கணினியைப் போட்டதும் அது தானாக ஓடும். ஐரோப்பாவிலும் கனடாவிலும் கொம்பனிகளை இப்படித்தான் குறிவைத்தார்கள். ஜூலை 30ஆம் திகதி வந்த 7.13இல்தான் இது அடைபட்டது. யார் யாரோ அனுப்புகிற கட்டுகளைத் திறந்து வேலை செய்கிற ஸ்டூடியோவுக்கு இது விளையாட்டில்லை.

வின்ரார் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது, அதுதான் அதன் பெரிய குறை. மேலே "ஹெல்ப்" மெனுவில் "அபௌட்" என்பதைத் தட்டினால் எத்தனையாம் பதிப்பு என்று காட்டும். இதை எழுதத் தொடங்கிய பிறகுதான் நானும் என் மேசைக் கணினியில் போய்ப் பார்த்தேன், 6.11. ஊருக்கு உபதேசம்! ரார்லாப் டாட் கொம் என்ற அதன் சொந்தத் தளத்தில் எடுத்து, பழையதற்கு மேலேயே போடுங்கள். நாலு எம்பி அளவுதான், ஃபோன் டேட்டாவிலேயே வந்துவிடும், பழையதை அழிக்கவும் தேவையில்லை. 7.13 அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்கட்டும். ஏற்கெனவே லைசென்ஸ் வாங்கினவர்கள் திரும்ப வாங்க வேண்டியதில்லை, அதுவே புதிய பதிப்புகளுக்கும் செல்லும்.

ஸ்டூடியோக்காரருக்கு வின்ரார்தான் நல்லது என்று நான் சொல்லக்கூடிய ஒரே இடம் "ரிக்கவரி ரெக்கோர்ட்". இது புதிதில்லை, ஆனால் யாரும் தொடுவதில்லை. கட்டும்போது அந்தப் பெட்டியில் ஒரு சரி போட்டால், 3 வீதம் அளவுக்குத் திருத்தத் தரவும் சேர்த்து எழுதும். பிறகு பென் ட்ரைவில் ஒரு மூலை பழுதாகி ஃபைல் கொஞ்சம் கெட்டாலும் "ரிப்பேர்" கொடுத்து மீட்கலாம். செவன்-ஜிப்பில் இது இல்லை. அதற்காக ட்ரைவே செத்தால் உயிர்ப்பிக்கும் என்று நினைக்காதீர்கள், இரண்டாவது பிரதி வேறொரு ட்ரைவில் இருக்கத்தான் வேண்டும்.

கேள்வி: நான் உப்புவெளியில் ஆசிரியை. பாடசாலையில் பழைய விண்டோஸ் 7 கணினி. "தரம் 10 வரலாறு" என்று தமிழில் பெயர் வைத்த கோப்புகளை வலது பக்கம் தட்டி ஜிப் ஆக்கப் போனால், பெயரில் பாவிக்க முடியாத எழுத்து இருக்கிறது என்று மறுக்கிறது. பெயரையெல்லாம் ஆங்கிலத்துக்கு மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம் டீச்சர். பிழை தமிழில் இல்லை, அந்த விண்டோஸோடு வந்த ஜிப்பில்தான். அது பெயர்களைப் பழைய எழுத்துப் பட்டியல்களில் எழுதப் பார்க்கும், தமிழுக்கு அப்படியொரு பட்டியல் விண்டோஸில் இருந்ததே இல்லை, தமிழ் நேராக எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடில்தான் வந்தது. செவன்-ஜிப்பைப் போட்டால் பெயரை யூனிகோடில் எழுதும், உங்கள் "வரலாறு" வரலாறாகவே போய்ச் சேரும். 32 பிட் விண்டோஸுக்கும் அதில் பதிப்பு இன்னும் வருகிறது. ஒரு கவனம்: வாங்குகிறவரும் இன்னொரு விண்டோஸ் 7இல் சும்மா திறந்தால் பெயர் குழம்பித் தெரியலாம், அவரையும் செவன்-ஜிப் போடச் சொல்லுங்கள். விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தம் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது, அதை இன்டர்நெட்டில் மாட்டாமல் வைத்திருக்க முடிந்தால் நல்லது.

கேள்வி: கோணேசபுரி வளாகத்தில் படிக்கிறேன். புது லப்டொப், விண்டோஸ் 11. ராரை அதுவே திறக்கிறதே, பிறகு ஏன் இன்னொரு மென்பொருள்?

பதில்: நோட்ஸ் திறக்க மட்டும் என்றால் தேவையில்லை. 2023 கடைசியிலிருந்து விண்டோஸ் 11 ரார், செவன்-இசட் (செவன்-ஜிப்பின் சொந்த வடிவம்) எல்லாம் திறக்கிறது. 24எச்2 பதிப்பிலிருந்து செவன்-இசட்டில் கட்டவும் செய்கிறது. ராரில் கட்டாது, அது வின்ராரின் சொந்தச் சொத்து. பாஸ்வேர்ட் போட்ட கட்டு வந்தாலோ, பெரிய கட்டை விரிக்க வேண்டி வந்தாலோ விண்டோஸோடு மல்லுக்கட்டாமல் செவன்-ஜிப்பைப் போடுங்கள். 2025 ஜூலையில் வந்த 25.00இல் 64க்கு மேற்பட்ட திரெட்களையும் (கணினி ஒரே நேரத்தில் ஓட்டும் வேலை இழைகள்) பாவிக்கும் என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். திருகோணமலையில் அப்படியொரு மெஷினை நான் இன்னும் காணவில்லை. அடுத்து வந்த 25.01இல் ஒரு பாதுகாப்புத் திருத்தம் இருக்கிறது, ஆகவே அதற்குக் குறையாமல் போடுங்கள். இதுவும் தானாகப் புதுப்பிக்காது.

கேள்வி: மூதூரில் கொமினிகேஷன் கடை நடத்துகிறேன். கணினி திருத்தின பில்லில் "செவன்-ஜிப் லைசென்ஸ் 1,500" என்று போட்டிருக்கிறது. சரியா?

பதில்: சரியில்லை. இகோர் பாவ்லோவ் என்பவர் 1999இலிருந்து இலவசமாகக் கொடுக்கிற மென்பொருள் அது, அதற்கு விற்கிற லைசென்ஸ் என்று ஒன்றில்லை. போட்டுத் தந்த கூலி என்று 200 ரூபா எடுத்தால் நான் வாய் திறக்க மாட்டேன், அவர்களுக்கும் கடை வாடகை இருக்கிறது. இல்லாத லைசென்ஸுக்குக் காசு எடுப்பது வேறு கதை. பில்லை எறியாதீர்கள், அந்த ஒரு வரிதான் உங்கள் கையில் இருக்கும் சாட்சி. முதலில் நேரே போய் ஆறுதலாகக் கேளுங்கள், பாதிப் பேர் அந்த இடத்திலேயே திருப்பித் தந்துவிடுவார்கள். முரண்டு பிடித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைத்து முறைப்பாடு கொடுங்கள்.

கேள்வி: கிண்ணியாவில் இருந்து எழுதுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் ராரில் போட்ட பாஸ்வேர்ட் மறந்துவிட்டது. 5,000 ரூபாவுக்கு உடைத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

பதில்: பாஸ்வேர்ட் "123456" மாதிரி என்றால் உடைப்பார், நீளமானது என்றால் அவரால் மட்டுமில்லை, யாராலும் ஏலாது, ரார் பூட்டுகிற ஏஇஎஸ்-256 முறை அப்படிப்பட்டது. உடைத்துக் காட்டின பிறகு காசு என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு முன் வீட்டில் உள்ள பழைய கொப்பிகளின் கடைசிப் பக்கத்தை ஒருக்கால் புரட்டுங்கள், என்னுடையது அங்கேதான் கிடைத்தது.